சுடுதண்ணீரில் எல்லாமே கூடக் கரையுமா?

கேள்வி: ஏப்ரல் 9, மாலை

மகள் தரம் 10. "வெப்பநிலை கூடினால் பதார்த்தங்களின் கரைதிறன் கூடும்" என்று சோதனையில் எழுதியிருக்கிறாள். பிழை போட்டுப் புள்ளியை வெட்டிவிட்டார்கள். சுடச்சுடத் தேத்தண்ணீருக்குள் சீனி போட்டால் உடனே கரைகிறது. பிறிஜ்ஜில் வைத்த தேசிக்காய்த் தண்ணீருக்குள் போட்டால் அடியிலேயே கிடக்கிறது. இதைவிட என்ன சாட்சி வேண்டும்? பிழை யாருடையது, பிள்ளையுடையதா ஆசிரியருடையதா? (சுன்னாகத்திலிருந்து ஒரு அம்மா)

பதில்: ஏப்ரல் 9, இரவு

பிள்ளை எழுதியது அரைவாசி சரி. அக்கா சொல்லும் சாட்சிதான் முழுக்கப் பிழை. சீனி கெதியாகக் கரைவது வேறு, கூடுதலாகக் கரைவது வேறு. தேசிக்காய்த் தண்ணீரின் அடியில் கிடக்கும் சீனிக்கு மேலே இடம் இல்லாமல் இல்லை. எங்களுக்குக் கலக்கப் பஞ்சி, அவ்வளவுதான். 20 பாகையில் 100 கிராம் தண்ணீர் ஏறத்தாழ 200 கிராம் சீனியைக் கரைத்து வைத்திருக்கும். அவ்வளவு சீனியை எந்தக் கலியாண வீட்டுச் சர்பத்திலும் நான் கண்டதில்லை.

கரைதிறன் என்றால் அந்த உச்ச அளவுதான், வேகம் இல்லை. அந்த உச்ச அளவும் சீனிக்குச் சூட்டோடு ஏறத்தான் செய்கிறது: கொதிநிலைக்குக் கிட்ட 480 கிராமைத் தாண்டும். பொற்றாசியம் நைத்திரேற்று இன்னும் பெரிய பாய்ச்சல் பாயும். 0 பாகையில் 13 கிராம், 100 பாகையில் 240 கிராமுக்கு மேல். ஆனால் கறியுப்பை எடுங்கள். 20 பாகையில் 36 கிராம், 100 பாகையில் 39 கிராம். அடுப்பெரித்த விறகுக் காசுக்குக்கூடக் காணாது. வாயுக்கள் நேர் எதிர்த்திசையில் போகும்.

ஆகவே "பதார்த்தங்கள்" என்ற சொல்தான் மகளின் காலை வாரியிருக்கிறது. "பெரும்பாலான திண்மங்கள்" என்று எழுதியிருந்தால் ஒருவராலும் கை வைத்திருக்க முடியாது.

ஏப்ரல் 10, காலை

"அப்படியென்றால் அரைப் புள்ளியாவது போட்டிருக்கலாமே" என்று அக்கா கேட்கிறார். போட்டிருக்கலாம். நானாக இருந்தால் போட்டிருப்பேன். நான் ரியூசன் வாத்தி, நான் போடும் புள்ளிக்குத் திருநெல்வேலிச் சந்தையில் ஒரு கத்தரிக்காய்கூடத் தரமாட்டார்கள்.

ஏப்ரல் 10, இரவு

உப்புக் கணக்கை எழுதிவிட்டு நித்திரை வரவில்லை. 20 வருடமாக இந்த எண்களைக் கரும்பலகையில் எழுதுகிறேன், ஒரு நாளும் நிறுத்துப் பார்த்ததில்லை. மனைவி கேக்குக்கு மா நிறுக்கும் சின்னத் தராசை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனேன்.

100 கிராம் தண்ணீர், 40 கிராம் உப்பு. அரை மணித்தியாலம் கலக்கியும் அடியில் கொஞ்சம் கிடந்தது. சரி, எதிர்பார்த்ததுதான். அப்புறம் அடுப்பில் வைத்தேன். கொதித்தவுடன் அநேகமாக எல்லாம் கரைந்து ஒரு சிட்டிகைதான் மிஞ்ச வேண்டும். நடந்தது தலைகீழ். முதலில் கிடந்ததைவிடக் கூட உப்பு அடியில் கிடந்தது! சட்டியை மறுபடி நிறுத்த பிறகுதான் விளங்கியது: 15 கிராம் தண்ணீர் ஆவியாகப் போயிருக்கிறது. 10 கிராம் தண்ணீர் போனால் 4 கிராம் உப்புக்கு வீடில்லை. இரண்டாம் தரம் மூடி போட்டுக் காய்ச்சினேன், சரியாக வந்தது.

இன்னொரு விஷயம். கரைசல் பால்போல் கலங்கிக் கிடந்தது. அது உப்புக் கரையாததால் இல்லை. தூளுப்பு கட்டிபடாமல் இருக்கச் சேர்க்கும் பொருள்களில் சில தண்ணீரில் கரையாது. இந்தப் பரிசோதனைக்குக் கல்லுப்புத்தான் நல்லது. சட்டியும் கரண்டியும் இப்போது வெள்ளை பூத்துக் கிடக்கின்றன, அதற்கு வாங்கிய பேச்சை இங்கே எழுத முடியாது.

ஏப்ரல் 13

கோண்டாவில் தம்பி ஒருவர் கேட்டது: "கேத்திலுக்குள் வெள்ளைக் கல் படிகிறதே, அதுவும் உங்கள் உப்புச் சட்டிக் கதைதானா? தண்ணீர் ஆவியாகிறது, மிச்சம் படிகிறது?"

அப்படித்தான் நானும் பல வருடம் சொல்லிக்கொடுத்தேன். அரைகுறை. கேத்திலில் ஒரு தரம் கொதிக்க வைத்தால் எவ்வளவு தண்ணீர் ஆவியாகும்? மிகக் கொஞ்சம். அதற்கு இவ்வளவு கல் வராது.

யாழ்ப்பாணம் நிற்பது சுண்ணாம்புக் கல்லின் மேல். தூய தண்ணீரில் அந்தக் கல், அதாவது கல்சியம் காபனேற்று, ஒரு லீற்றருக்கு 15 மில்லிகிராம் அளவில்தான் கரையும். ஏறத்தாழக் கரையாது என்றே சொல்லலாம். ஆனால் மழைத் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கும்போது வேர்களும் நுண்ணுயிர்களும் விட்ட காபனீரொட்சைட்டைக் கரைத்துக்கொண்டு போகிறது. அந்தத் தண்ணீர் லேசான அமிலம். அது கல்லைத் தொட்டால் கல்சியம் இருகாபனேற்றாகப் பல மடங்கு கரைத்துவிடும். நிலத்துக்குக் கீழே குகைகளும் பிளவுகளும் வந்தது அப்படித்தான். புத்தூர் நிலாவரையும் கீரிமலையும் இந்தக் கரைதலின் பிள்ளைகள். நிலாவரையில் போட்ட தேசிக்காய் கீரிமலையில் மிதக்கும் என்று அம்மம்மா சொல்லுவா. தேசிக்காய்க்கு நான் பொறுப்பில்லை, கரைந்த கல்லுக்குப் பொறுப்பு.

இப்போது அந்தக் கிணற்றுத் தண்ணீரைக் கேத்திலில் ஊற்றிச் சூடாக்குகிறோம். சூட்டில் காபனீரொட்சைட்டு தண்ணீரை விட்டுப் போகிறது. அது போனால் இருகாபனேற்று நிற்க முடியாது, மறுபடி காபனேற்றாகி, கல்லாக விழுகிறது. அதற்கு மேல் ஒரு வேடிக்கை: கல்சியம் காபனேற்று சூடேற ஏறத் தானே குறைவாகத்தான் கரையும். அதனால் தண்ணீர் முழுக்கச் சூடாவதற்கு முதலே, சுடும் கம்பியை ஒட்டித்தான் கல் பிடிக்கிறது. மழை காலகாலமாய்க் கரைத்த கல்லை ஒரு பிளேன்ரீக்காக நாங்கள் திரும்பக் கல்லாக்குகிறோம்.

ஒரே சூடு, சீனிக்கு ஒரு பக்கம், இதற்கு மறுபக்கம். மகளின் விடைத்தாளுக்குப் பக்கத்தில் அந்தக் கேத்திலை வையுங்கள்.

ஏப்ரல் 14

புதுவருசமும் அதுவுமாகக் கேத்தில் கழுவிக்கொண்டு நிற்கிறேன், எழுதியதன் பலன். வினாகிரி ஊற்றி லேசாய்ச் சூடாக்கி ஒரு மணித்தியாலம் விடுங்கள். நுரைத்து வருவது, கல்லுக்குள் பூட்டிக் கிடந்த காபனீரொட்சைட்டு.

ஏப்ரல் 17

இந்த இழையில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரும் இருக்கிறார் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. சேர், நீங்கள் வாசிக்கிறீர்கள் என்று தெரிந்திருந்தால் இன்னும் கவனமாக எழுதியிருப்பேன்.

விஷயம் இதுதான். வெற்றிலைக்குப் பூசும் சுண்ணாம்பும் சூட்டில் குறைவாகத்தான் கரையும் என்று ஒரு பதிலில் சொல்லியிருந்தேன். 20 பாகையில் லீற்றருக்கு 1.7 கிராம், 100 பாகையில் 0.7 கிராமும் வராது. தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கலங்கும், யாரும் செய்து பார்க்கலாம். அதுவரை சரி. அதோடு நிறுத்தாமல் லே சற்றலியே தத்துவத்தை (சமநிலையில் நிற்பதைக் குழப்பினால், அது அந்தக் குழப்பத்தைக் குறைக்கும் பக்கம் நகரும் என்பது) இழுத்து, "கரையும்போது சூடு விடும் பொருள் சூடேற்றினால் குறைவாகக் கரையும், குளிரும் பொருள் கூடக் கரையும், விதி முடிந்தது" என்று எழுதிவிட்டேன்.

சேர் ஒரே வரியில் கேட்டார்: "கோஸ்டிக் சோடா?"

அடிபட்டுப்போனேன். கோஸ்டிக் சோடாவைத் தண்ணீரில் போட்டால் போத்தலைப் பிடிக்க ஏலாத சூடு வரும். என்னுடைய விதிப்படி அது சூட்டில் குறைய வேண்டும். ஆனால் 20 பாகையில் 100 கிராம் தண்ணீருக்கு 110 கிராம் அளவில் கரைவது, கொதிநிலையில் 300 கிராமைத் தாண்டுகிறது.

இரண்டு நாள் யோசித்து, பழைய கொப்பிகளைக் கிளறி, இப்படி விளங்கிக்கொண்டேன். நாங்கள் தொட்டுப் பார்க்கும் சூடு, வெறும் தண்ணீருக்குள் முதல் வில்லை விழும்போது வருவது. கரைதிறனைத் தீர்மானிப்பது அந்த வில்லை இல்லை. ஏற்கெனவே நிரம்பும் தறுவாயில் நிற்கும் கரைசலுக்குள் போடும் கடைசிச் சிட்டிகைதான். அந்தச் சிட்டிகை கரையும்போது சூட்டை உறிஞ்சுகிறது. தத்துவம் பிழையில்லை, நான் கேள்வியைப் பிழையான இடத்தில் கேட்டிருக்கிறேன். பந்தியில் முதல் ஆள் இருக்கும் சந்தோசத்தை வைத்துக் கடைசி ஆளுக்குச் சோறு இருக்குமா என்று கணக்குப் பார்த்த மாதிரி.

என்னிடம் படித்த பிள்ளைகள் யாராவது இதை வாசித்தால், அந்தப் பழைய குறிப்பை வெட்டிவிடுங்கள். சோதனைக்கு அந்த வரியே போதும் என்பது வேறு கதை.

ஏப்ரல் 20

அமுக்கம் பற்றி ஒருவரும் கேட்கவில்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கு நானே மாட்டினேன். கொடிகாமத்தில் வாங்கிய சோடாவை மோட்டார்சைக்கிள் பெட்டியில் போட்டு, நல்ல வெயிலில் வீடு வந்து, வாசலிலேயே திறந்தேன். சேட்டு முழுக்க நாரத்தம்பழ வாசம்.

இதில் இரண்டு குற்றவாளிகள். ஒன்று வெப்பநிலை. வெளியே ஒரு வளிமண்டல அமுக்கத்தில் காபனீரொட்சைட்டு மட்டும் இருந்தால், 0 பாகையில் ஒரு லீற்றர் தண்ணீர் 3.3 கிராம் பிடிக்கும், 20 பாகையில் 1.7, 30 பாகையில் 1.3 அளவு. இந்த ஊர் வெயிலில் பாதிக்கும் கீழே. மற்றது அமுக்கம். 1803இல் மான்செஸ்டர்க்காரர் வில்லியம் ஹென்றி கண்டது: தண்ணீருக்கு மேலே நிற்கும் வாயுவின் அமுக்கத்தை இரட்டித்தால் கரையும் வாயுவும் இரட்டிக்கும். சோடாக் கம்பனி செய்வது அதுதான், குளிர்த்திக்கொண்டு அமுக்குவது. மூடியைத் திறந்தால் அமுக்கம் போகிறது, வாயு இனி உள்ளே நிற்க ஞாயம் இல்லை.

அதற்கு 36 வருடம் முதலே, 1767இல், ஜோசப் பிரீஸ்ட்லி லீட்ஸ் நகரத்தில் பியர் வடிக்கும் தொட்டிக்கு மேலே தண்ணீரை வைத்துச் சோடாத்தண்ணீர் செய்துவிட்டார். கழுத்துக்குள் கண்ணாடிக் குண்டு உருளும் போத்தலை ஹைரம் கொட் செய்தது 1872இல். அந்தக் குண்டை மேலே தள்ளிப் பிடித்து வைத்திருப்பது உள்ளே இருக்கும் வாயுதான். தன் சிறைக்குத் தானே கதவு. எங்கள் அப்பாவுக்கு அந்தக் குண்டை விரலால் அமத்தித் திறக்கும் கை இருந்தது, எனக்கு இல்லை.

ஏப்ரல் 21

"சும்மா வெயில் மட்டும் இல்லை, மோட்டார்சைக்கிள் குலுக்கியதும் அமுக்கத்தைக் கூட்டியிருக்கும்" என்று ஒருவர். நானும் ஓம் என்றுதான் பதில் போட்டேன். திருத்துகிறேன். மூடிய போத்தலுக்குள் வாயுவும் கரைசலும் ஏற்கெனவே ஒத்துப்போய் நிற்கின்றன. குலுக்கினால் அமுக்கம் சொல்லும்படி ஏறாது. குலுக்கல் செய்வது வேறு வேலை, மேலே நின்ற வாயுவைச் சின்னச் சின்னக் குமிழ்களாகத் தண்ணீருக்குள் பரப்புகிறது. திறந்தவுடன் கரைந்த வாயு முழுக்க அந்தக் குமிழ்களில் தொத்திக்கொண்டு பாய்கிறது. கொஞ்ச நேரம் அசையாமல் வைத்தால் குமிழ்கள் மேலே ஏறிவிடும், சேட்டும் தப்பும்.

ஏப்ரல் 25

குக்கரில் அமுக்கம் கூடுவதால் உப்புக் கூடக் கரையுமா?

இல்லை. திண்மத்தையும் தண்ணீரையும் அந்த அமுக்கத்தில் நெரித்துச் சுருக்க முடியாது, அதனால் கரைதிறன் அசையாது. குக்கர் செய்வது கொதிநிலையை 120 பாகைப் பக்கம் உயர்த்துவது மட்டும். அமுக்கம் வாயுவுக்குத்தான் எசமான். நேற்று எங்கள் பருப்பில் உப்புக் கூடியதற்குக் குக்கர் காரணமில்லை, நான் இரண்டு தரம் போட்டதுதான் காரணம்.

ஏப்ரல் 28

கோவில் கேணியில் விடியப்புறம் மீன்கள் வாயை மேலே வைத்துத் திறந்து மூடுவதைக் கண்டிருப்பீர்கள். வாயு சூட்டில் குறைவாகக் கரையும் என்பதற்குக் கண்முன்னால் நிற்கும் சாட்சி. நல்ல தண்ணீரில் ஒட்சிசன் 0 பாகையில் லீற்றருக்கு 14.6 மில்லிகிராம், 20 பாகையில் 9.1, 30 பாகையில் 7.6. சித்திரை வெயிலில் மீன் மூச்சு வாங்காமல் என்ன செய்யும்?

மே 1

மேலே எழுதியதை மூன்று நாள் கழித்து வாசிக்க வெட்கமாக இருக்கிறது. மீன் மேலே வருவது எப்போது? விடியப்புறம். கேணித் தண்ணீர் நாளிலேயே குளிர்ந்து கிடப்பது எப்போது? அதுவும் விடியப்புறம்! சூடுதான் காரணமென்றால் மத்தியானம் அல்லவா மீன் துடிக்க வேண்டும்.

பாசிதான் ஆள். பகலில் வெளிச்சத்தில் ஒட்சிசன் விடுகிறது, இரவு முழுக்க மீனோடு சேர்ந்து தானும் மூச்சு விட்டு அதைத் தின்கிறது. விடியும்போது கையிருப்பு முடிந்துவிடும். சூட்டுக்குப் பங்கு இல்லை என்று சொல்லமாட்டேன். அந்த 14.6க்கும் 7.6க்கும் இடையில், வெயில் காலத்துக் கேணி அரைப் பெட்டகத்தோடுதான் இரவைத் தொடங்குகிறது. ஆனால் நான் காட்டிய சாட்சி பிழை. முதல் நாள் அக்காவின் தேசிக்காய்த் தண்ணீரைப் பிழை என்றேன், இப்போது கணக்குச் சமன்.

மே 4

குருநகர்ப் பக்கத்துத் தம்பி ஒருவர் தனியாகக் கேட்டதற்குப் பொதுவிலேயே பதில் எழுதுகிறேன், அவர் சம்மதித்துவிட்டார். சிலிண்டர் கட்டிக் கடலட்டை பிடிக்க இறங்குகிறவர்கள் சிலருக்கு மூட்டு நோவு, கால் மரத்துப்போதல். அப்பாவின் காலத்தில் சங்கு குளித்தவர்களுக்கு இது ஏன் இவ்வளவு இல்லை?

என்னோடு படித்த ஒருவன் இன்றும் ஒரு காலை இழுத்துத்தான் நடக்கிறான். ஆகவே இதைப் பகிடியாக எழுத மாட்டேன்.

கடலில் ஒவ்வொரு 10 மீற்றருக்கும் ஒரு வளிமண்டல அமுக்கம் கூடும். 20 மீற்றரில் நிற்பவர் மேலே இருப்பதைப்போல மூன்று மடங்கு அமுக்கத்தில் காற்றைச் சுவாசிக்கிறார். காற்றில் ஐந்தில் நாலு பங்கு நைதரசன். உடம்பு அதைப் பயன்படுத்துவதில்லை, ஆனால் ஹென்றியின் கணக்குப்படி இரத்தத்திலும் கொழுப்பிலும் கரைந்துகொண்டே போகும். ஆழமும் நேரமும் கூடக் கூட, கரைவதும் கூடும். அப்புறம் அவசரமாக மேலே வந்தால் உடம்பே அந்தச் சோடாப் போத்தல். மூட்டில், முள்ளந்தண்டில் குமிழ் எழும்பும். மூச்சடக்கிச் சங்கு குளித்தவர் ஒரு நெஞ்சுக் காற்றோடுதான் இறங்கினார், கரைய நைதரசனும் குறைவு, நேரமும் குறைவு. சிலிண்டர் அந்த எல்லையை எடுத்துவிட்டது.

ஜோன் ஸ்கொட் ஹால்டேன் ஆடுகளை அமுக்க அறைக்குள் வைத்துப் பார்த்து, 1908இல் படிப்படியாக ஏறும் அட்டவணையை வெளியிட்டார். ஒரு ஆழத்தில் நின்று, இன்னொன்றில் நின்று, கரைந்த வாயுவைச் சுவாசத்தோடு போகவிட்டு வருவது. தம்பி, ஒரு நாளில் எத்தனை தரம் இறங்குகிறீர்கள் என்பதும் கணக்கில் வரும். முதல் இறக்கத்தின் நைதரசன் போய் முடிவதற்குள் இரண்டாவது சேரும். மேலே வந்தபின் மரப்போ நோவோ வந்தால் எண்ணெய் தடவிப் படுக்க வேண்டாம், மறுபடி கடலில் இறங்கிச் சரிபண்ணவும் வேண்டாம். ஒட்சிசன் கொடுத்துக்கொண்டு அமுக்க அறை உள்ள வைத்தியசாலைக்குப் போக வேண்டும். அன்றைக்கே.

மே 9

ஆனையிறவு தாண்டிப் போய் வந்தேன். போரில் வருடக்கணக்கில் மூடிக் கிடந்த உப்பளம் அது. பாத்திகளைப் பார்த்தபோது, முதல் நாள் சொன்ன 36, 39 கணக்கு அங்கே விரிந்து கிடப்பது விளங்கியது.

உப்பைக் குளிர்த்தி எடுக்க முடியாது. கொதிக்கக் கொதிக்க நிரம்பிய உப்புக் கரைசலை ஆறவிட்டால் 100 கிராம் தண்ணீருக்கு 3 கிராம்தான் விழும். ஆகவே தண்ணீரைத்தான் விரட்ட வேண்டும், அதற்கு வெயிலும் காற்றும் இருக்கின்றன. பனங்கற்கண்டு மறுமுனை. கருப்பணியைக் காய்ச்சிப் பாணியாக்கி ஆறவிட்டால், சூட்டில் இடம் பிடித்த சீனி குளிரில் இடமிழந்து, நாட்கணக்கில் அசையாமல் வைத்தால் கட்டி கட்டியாய்ப் பளிங்காகும். ஒன்றுக்கு வெயில், மற்றதுக்குப் பொறுமை.

கடல் தண்ணீரில் லீற்றருக்கு 35 கிராம் அளவு உப்புகள், எல்லாம் கறியுப்பு இல்லை. வற்றும்போது வரிசையாய் இறங்கும். முதலில் எங்கள் கேத்தில் கல். தண்ணீர் ஐந்தில் ஒன்றாகும்போது ஜிப்சம். பத்தில் ஒன்றாகும்போதுதான் கறியுப்பு. மகனீசிய உப்புகள் கடைசிவரை கரைந்தே நிற்கும். அந்தக் கசப்புத் தண்ணீரை வடித்துவிடாமல் முழுக்கக் காயவிட்டால் உப்புக் கசக்கும், மாரியில் ஈரம் இழுத்து ஒழுகும். எப்போது நிறுத்துவது என்று தெரிவதுதான் அங்கே தொழில்.

மே 19

சுன்னாகத்து அக்கா மறுபடி வந்திருக்கிறார். மகள் ஆசிரியரிடம் போய்ப் புள்ளி கேட்கவில்லையாம். பதிலாகக் கற்கண்டு செய்து பார்த்தாளாம். சுடுதண்ணீரில் கொள்ளுமட்டும் சீனி கரைத்து, நூல் கட்டித் தொங்கவிட்டு, அலுமாரிக்கு மேலே ஒரு கிழமை. நூலில் நெல்மணி அளவில் பளிங்கு பிடித்திருந்ததாம். எட்டாம் நாள் காலை எறும்பு வந்துவிட்டது. அடுத்த முறை கிளாசைத் தண்ணீர்த் தட்டுக்குள் வைக்கச் சொல்லுங்கள் அக்கா. தட்டுத் தண்ணீர் கிணற்றுத் தண்ணீராக இருந்தால், வற்றினதும் விளிம்பில் ஒரு வெள்ளைக் கோடு தெரியும். அது என்னவென்று அவளிடமே கேளுங்கள்.